ஞாயிற்றுக்கிழமையில் ஆகாத நெல்லிக்காய்

22.12.1996, ஞாயிறு

மெதுவாக ஓடினால் உடம்பே சமாளித்துக்கொள்ளுமாம். மூச்சு முட்ட ஓடினால் இரும்பில் துரு ஏறுவது போல உள்ளே கேடு சேருமாம், அதற்கு நெல்லிக்காய் நல்லதாம். பத்திரிகையில் படித்ததிலிருந்து மகள் சுமதிக்குத் தினமும் கொடுக்கிறேன், ஞாயிறு தவிர. அன்றைக்கு நெல்லிக்காய் தின்னக் கூடாது என்பது சாஸ்திரம். அவள் டிரில் மாஸ்டருக்கோ, பிள்ளைகளை நாக்குத் தள்ள ஓடவிட அந்த ஞாயிறுதான் கிடைத்தது.

மாவட்ட ஓட்டப் போட்டி நெருங்குகிறது. இன்றைக்கும் காலைத் தாங்கித் தாங்கித்தான் ஊடு வந்தாள். "ஏனுங்க மாஸ்டர், இதைத் திங்கக்கிழமைக்கு மாத்துங்க" என்று போய்க் கேட்டேன். "அப்பப் பள்ளிக்கூடத்தை ஞாயித்துக்கிழமைக்கு மாத்தீரலாங்களா?" என்று சிரிக்கிறார்.

வந்து சுமதியிடம் புலம்பினால், "கொய்யாப்பழத்துலயும் அதே சத்துதானே, அதுக்கு ஏதாச்சும் கிழமை இருக்குதாம்மா?" என்கிறாள்.

யோசித்துப் பார்த்தேன், இல்லை. முருகா, இதை முதல் வாரமே கேட்டிருக்கக் கூடாதா இந்தக் கழுதை.