ஒரு நாளுக்கு ஒரு கல்யாணம்

உன் மகள் அபிநயாவின் கல்யாணப் பத்திரிகையில் காலையிலிருந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். மண்டபத்தின் பெயர் அச்சடித்திருக்கும் இடத்தின் மேல் கோயில் மண்டபத்தின் பெயர். மூலைகளில் மஞ்சள் தடவி, பாதிச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தும் முடித்த பிறகு இந்த வேலை வந்து சேர்ந்திருக்கிறது. விரலெல்லாம் ஸ்டிக்கர் பசையும் மஞ்சளும். உன் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டிருக்கிறார்கள். நீ பார்த்திருந்தால் முதல் ஸ்டிக்கரை அதன் மேல்தான் ஒட்டியிருப்பாய்.

ஆலங்குடியில் முன்பக்கம் பாத்திரக்கடையும் பின்பக்கம் கல்யாண மண்டபமுமாக இருக்குமே, அந்த மண்டபம்தான். சிநேகிதிகளான நாம் இருவரும் புதுக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை மாடியைப் பிடித்து, கடைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறோம் என்று போர்டு மாட்டியபோது நம்மை நம்பி வந்த முதல் பெரிய வாடிக்கையாளர் அதன் முதலாளி. கடையில் அவர் ஒரு டைரியில் தேதி குறிப்பார். மண்டபத்தில் மேனேஜர் இன்னொரு டைரியில் குறிப்பார். ஒரு தை மாதம் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டார் சமையல்காரர்களோடு வந்து இறங்கிவிட, வாசலிலேயே கைகலப்பு. அதற்குப் பிறகுதான் நம் படியேறினார். "கடையிலயும் மண்டபத்துலயும் ஒரே மாதிரி தெரியணும்மா. ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம். அம்புட்டுத்தான்" என்றார்.

தகவலையெல்லாம் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஒரு டேட்டாபேஸ் வேண்டும். காசு கொடுத்து வாங்க அவருக்கு மனசில்லை, நமக்கு வக்கில்லை. இலவசமாகக் கிடைப்பதில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். எதை எடுப்பது என்று பார்ப்பதற்கே நீ ஒரு மாதத்தைத் தின்றாய். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமாடி?" என்று உன்னைக் கிண்டல் செய்தேன்.

"வண்டியில பூட்டப் போறது நாமதானே. பல்லையும் பாக்கணும், கொளம்பையும் பாக்கணும்" என்றாய்.

ஒன்று, எல்லாத் தகவலையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்வது. தனி ஆளுக்கு நல்ல வேலைக்காரன். நம் இரண்டு கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கில் சேர்ந்து ஒரே நேரத்தில் எழுதப் போனால் ஒன்று உறைந்து நின்றுவிடும். அடுத்தது, ஒரு பெரிய கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் சின்னப் பதிப்பு. ஓர் அளவுக்கு மேல் போனால் காசு. "ஊறுகாயைச் சும்மா வச்சுட்டு சோத்துக்குக் காசு கேக்குறான்" என்று ஒதுக்கிவிட்டாய். மூன்றாவது, உலகம் முழுக்க யார் யாரோ சேர்ந்து எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் விட்டது. அதை நீ படுத்திய பாடு கொஞ்சமல்ல. தகவல் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே மெயின் சுவிட்சை இறக்குவாய். திரும்ப ஏற்றிவிட்டு, பதிந்ததாகச் சொன்னதெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாய். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் கரண்ட் போய்ப் போய் வருகிறது என்று ஈபி ஆபீசுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். ஒரு பதிவுகூடத் தொலையவில்லை.

பிறகு நீ ஒரு கம்ப்யூட்டரில், நான் ஒரு கம்ப்யூட்டரில். "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி ஒரே தேதிக்கு ஒன்றாகத் தட்டுவோம். ஒருத்திக்குத்தான் மண்டபம். மற்றவளுக்கு 'இந்த நாள் ஏற்கெனவே கொடுக்கப்பட்டது' என்று வரும். தோற்றவள் டீ வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம் என்ற விதியை நீ நம் ஸ்கிரீனில் வைக்காமல் டேட்டாபேசுக்கு உள்ளேயே வைத்தாய். "நாளைக்கு எவனாச்சும் வேற ஸ்கிரீன் போட்டாலும் இது அவன் பேச்சைக் கேக்காதுடி" என்றாய். கூடவே இன்னொன்றும் செய்தாய். பதிந்த ஒரு பெயரை யாராவது அழித்தால், அழித்தவர் பெயர் அதில் நிற்கும்.

சில வருடங்கள் அந்த மண்டபத்து வாசலில் சத்தமே இல்லை. பிறகு ஒரு செல்வாக்குள்ள வீட்டார், ஏற்கெனவே கொடுத்துவிட்ட தேதியைக் கேட்டார்கள். டேட்டாபேஸ் மறுத்துவிட்டது. முதலாளி நம்மைக் கூப்பிட்டனுப்பினார்.

"அதைக் கொஞ்சம் தளத்தி விடும்மா. ரெண்டு பேரு பேரும் இருக்கட்டும். கடைசியில யாரு கனமோ பாத்து நான் பேசி முடிச்சுக்குவேன்."

"அப்படி வேணாம்ண்ணே. மொதல்ல போட்டவங்களை அழிச்சுட்டு இவுகளைப் போடுங்க. அது வாங்கிக்கும். நீங்க அழிச்சதுன்னு மட்டும் அதுல நிக்கும்" என்றாய்.

அந்த மனிதரின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. "ஓசியில வந்தது, எம் மண்டபத்துல எம் பேரையே எழுதி வைக்குமா?" என்றார். நீ எழுந்து நின்று, "வைக்கும்ண்ணே" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய்.

அடுத்த மாதமே வேறு ஆள் பிடித்தார். வந்தவன் டேட்டாபேசை மாற்றவில்லை. எதற்கு மாற்ற வேண்டும், சும்மாதானே கிடைக்கிறது? உன் விதியையும் அழித்தவர் பெயர் நிற்கும் ஏற்பாட்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, மேலே கலர் கலராக ஒரு ஸ்கிரீனை மாட்டிப் பணம் வாங்கிக்கொண்டான். "இது காசு குடுத்து வாங்குனது" என்று முதலாளி ஊரெல்லாம் பெருமையடித்தார். அவர் பேச்சைக் கேட்டு நம்மிடம் வந்த கடைக்காரர்கள் அவர் பேச்சைக் கேட்டே போனார்கள். உனக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும் அந்த வருடம்தான். உன் சாவுக்கு ரோஜா மாலையோடு வந்தார். "தங்கமான புள்ள. வளைஞ்சு குடுக்கத்தான் தெரியல" என்று என்னிடம் சொன்னார். உன் தலைமாட்டில் நின்றுகொண்டு சொன்னார். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

அபிநயாவுக்கு மாப்பிள்ளை ஆலங்குடியில் அமைந்தது. அங்கே அவ்வளவு பெரிய மண்டபம் வேறு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மாசி மாதமே போய் ஆவணி முகூர்த்தத்துக்குப் பதிந்துவிட்டு வந்தோம். போன வாரம் மேனேஜர் போன் செய்து, "கொஞ்சம் நேர்ல வாரீங்களா" என்றார். போனோம். ஸ்கிரீனை எங்கள் பக்கம் திருப்பினார். அந்தத் தேதியில் அபிநயாவின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வீட்டுப் பெண்ணின் பெயரும் இருந்தது.

"சிஸ்டத்துல இப்படித்தாங்க காட்டுது. நான் என்ன செய்ய?"

"ரெண்டாவது பேரைப் போட்டது யாரு?"

"அதெல்லாம் இதுல வாராதுங்க."

முதலாளி கடையிலிருந்து வந்து கைகூப்பினார். "பெரிய எடத்துக் கல்யாணம் தங்கச்சி. அபிநயா எம் பொண்ணு மாதிரி. அடுத்த முகூர்த்தத்துக்கு வாடகையே இல்லாமத் தாரேன்" என்றார். தேதியை மாற்ற மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லை. என் வாயில் வந்ததையெல்லாம் அவரைக் கேட்டுவிட்டேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நின்றார். எங்கள் பெயரை யாரும் அழிக்கவில்லை, எங்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. மண்டபம் மட்டும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அபிநயா கேட்டாள்: "அம்மா போட்டது அப்படியே இருந்திருந்தா மண்டபம் நமக்குக் கெடைச்சிருக்குமா சித்தி?"

கிடைத்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. உன் பெண்ணிடம் பொய் சொல்ல முடியவில்லை. "கெடைச்சிருக்காதும்மா. ஒம் பேரை அழிச்சுட்டு அவுக பேரைப் போட்டிருப்பாரு. ஆனா ஒம் பேரைப் பாத்து, அதைத் தன் கையால அழிச்சிருக்கணும். நாந்தான் அழிச்சேன்னு அவரு பேரும் அங்க நின்னிருக்கும்" என்றேன்.

அவள் உடனே கேட்டாள்: "அதுனால நமக்கு என்ன சித்தி?"

இன்றைக்கும் யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் உன் விதியையும் உன் ஏற்பாட்டையும் உள்ளே வைத்துத்தான் கொடுக்கிறேன். பாதிப் பேர் அதற்காகவே திரும்பி வருவதில்லை. எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்பவர்களிடம் உன்னைச் சொல்லித் தப்பித்துவிடுவேன். உன் மகளிடம் அது செல்லவில்லை. அவள் கேட்டது நியாயம்தானே என்று எனக்கே பட்டுவிட்டது. அப்படி இல்லை என்று ஒரு தடவை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போயேன்.