நீ அழித்ததும் சரி, நான் அழித்ததும் சரி

நான் எதைச் சொன்னாலும் ஒரு தரத்தில் "ஓம்" சொல்லாத என் அன்பு வசந்தி மச்சாளுக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கதையானாலும் முடிவைக் கேட்ட பிறகுதானே உனக்கு முதல் பகுதி காதில் ஏறும்? உன் மகள் ஆரணி பல்கலைக்கழகப் படிப்பை விடவில்லை. திங்கட்கிழமை காலை பஸ் ஏறிக் கம்பஸுக்குப் போய்விட்டாள். இனி ஆறுதலாகக் கேள்.

போன வாரம் உன் மனுசன் எனக்குப் போன் எடுத்தார். கொடிகாமச் சந்தையில் நின்று கதைத்தார், பின்னால் ஒரே இரைச்சல். "தங்கச்சி, பிள்ளை இனிக் கம்பஸுக்குப் போகமாட்டனெண்டு அடம்பிடிக்கிறாள். கணக்குப் பிழைச்சுப் போச்சாம். நீர் ஒருக்கால் வந்து கதையும்" என்றார். உன் செத்தவீட்டுக்குப் பிறகு அண்ணையின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, சண்டிலிப்பாயிலிருந்து புத்தூரில் உங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் பறந்தேன்.

ஆரணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வகுப்பில் வைத்த சோதனையில் ஒரு தாயத்தைக் கொடுத்து, அதன் ஐகன் காவியைக் கேட்டிருக்கிறார்கள். தாயம் என்றால் எண்களை வரிசையாக அடுக்கிய கட்டம் (மாட்ரிக்ஸ்), காவி என்றால் ஒரு திசையைக் காட்டும் எண் சோடி (வெக்டர்). ஒரு தாயத்தால் பெருக்கினால் பெரும்பாலான காவிகள் வேறு பக்கம் திரும்பிவிடும். திரும்பாமல் தன் கோட்டிலேயே நின்று, நீளம் மட்டும் மாறுகிறதுதான் ஐகன் காவி. உனக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. நம் கடிதத்தை எட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இவள் 1, −1 என்று எழுதியிருக்கிறாள். சரியான விடை. பக்கத்தில் இருந்தவளின் தாளில் தற்செயலாகக் கண் போனால், அங்கே −1, 1. அதுவும் சரியான விடை. உன் மகள் என்ன செய்தாள் தெரியுமா? பதறிப்போய் முதல் எண்ணை மட்டும் அழித்து −1 ஆக்கினாள். அதற்குள் நேரம் முடிந்து தாளை வாங்கிவிட்டார்கள். பாதி தன்னுடையது, பாதி மற்றவளுடையது: −1, −1. அது வேறு திசை. சுத்தப் பிழை.

"ஒரு சோதனைக்கே படிப்பை விடுறது?" என்று அதட்டினேன்.

"சோதனை இல்லை மாமி. அம்மா இருக்கேக்கை விடையைப் படம் எடுத்து அனுப்புவன். சரியெண்டு ஒரு சொல்லு வரும். அது வந்தாத்தான் அடுத்த கணக்குக்குப் போவன். இப்ப நான் ஆரைக் கேக்கிறது?"

மச்சாள், நீ இதை எனக்குச் சொல்லவேயில்லையே. நோயோடு படுத்திருந்த காலத்திலும் இந்த வேலையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாயா?

நீயும் நானும் ஒன்றாகக் கம்பஸில் படித்த காலத்துக் கதையை அவளுக்குச் சொன்னேன். இதே மாதிரி ஒரு கணக்கில் உனக்கு ஒரு விடை, எனக்கு வேறு விடை. நீ கெட்டிக்காரி என்று நான் என்னுடையதை அழித்துவிட்டு உன்னுடையதை எழுதினேன். நான் கவனமானவள் என்று நீ உன்னுடையதை அழித்துவிட்டு என்னுடையதை எழுதினாய். ஒருவருக்கும் தெரியாமல் விடைகளை மாற்றிக்கொண்டு போய் இருந்தோம். விரிவுரையாளர் இரண்டுக்கும் சரி போட்டார். நாம் சிரித்த சிரிப்பில் வகுப்பைவிட்டே அனுப்பிவிட்டார். ஒரு கேள்விக்கு ஒரு விடை என்று, தாள் திருத்துகிற புள்ளித்திட்டம் பார்த்தே வளர்ந்த நமக்கு அது பெரிய புதினம்.

பிறகு நீதான் பஸ்ஸில் வைத்து விளக்கினாய். காவியை இரண்டு மடங்காக்கினால் பெருக்கி வருவதும் இரண்டு மடங்காகும், சமன்பாடு அசையாது. −1ஆல் பெருக்கினாலும் அப்படித்தான். பூச்சியத்துக்குத் திசை இல்லை, அதை மட்டும் விட்டுவிடவேண்டும். மற்றபடி அந்தக் கோட்டில் கிடக்கிற எல்லாக் காவியும் விடைதான் என்றாய்.

ஆரணி சிரிக்கவில்லை. "உது எனக்கும் தெரியும் மாமி. நிறுவியும் காட்டுவன். ஆனா எல்லாமே சரியெண்டால், என்ரை சரியெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். கணித ரீச்சர் நான், உன் பிள்ளையிடம் தோற்றுப்போனேன். உனக்குச் சந்தோசமாக இருக்குமே!

அந்த நேரம் பார்த்து வானம் இருண்டது. உன் முதல் வருட ஆட்டைத்திவசம் வருகிறதென்று அண்ணை உன் சேலைகளைத் தோய்த்துக் கஞ்சி போட்டுக் கொடியில் விரித்திருந்தார். "எழும்பு பிள்ளை, மழை வரப்போகுது. கொம்மாவின்ரை சீலையளை எடுப்பம்" என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

சரிவுக் கோடு போட்ட அந்த நீலச் சேலை கஞ்சியில் சுருங்கி விறைத்துக் கிடந்தது. இரண்டு முனையிலும் ஆளுக்கொருவராகப் பிடித்து இழுத்தோம். சுருக்கம் விட்டுச் சேலை நீண்டது. ஆரணி குனிந்து சேலையைப் பார்த்தாள்.

"மாமி, இன்னொருக்கால் இழுங்கோ." இழுத்தேன். "சரிஞ்ச கோடெல்லாம் திரும்பிப் படுக்குது. நீட்டு நூலும் குறுக்கு நூலும் திரும்பேல்லை." ஒரு நூலின்மேல் விரலை ஓட்டினாள். "இந்த நீட்டு நூல் எந்தப் பக்கம் போகுது? என்னட்டையிருந்து உங்களிட்டையோ, உங்களிட்டையிருந்து என்னட்டையோ?"

"ரெண்டும்தான்."

"அப்ப சோதனையிலை பக்கத்திலை இருந்தவள் உங்கடை முனையிலை நிண்டு எழுதியிருக்கிறாள். நான் என்ரை முனையிலை நிண்டு எழுதினன்." பிறகு தனக்குத்தானே சொல்கிற மாதிரிச் சொன்னாள். "இழுத்துப் பாத்திருக்கலாம். நான் எழுதினதைத் தாயத்தாலை பெருக்கிப் பாத்திருந்தால், திரும்புதோ இல்லையோ எண்டு அதுவே சொல்லியிருக்கும். ஒருத்தரையும் கேட்டிருக்கத் தேவையில்லை."

சொல்லி முடிக்க முதல் உன் சேலையில் முகத்தைப் புதைத்து அழுதாள். நானும் அழுதேன். எனக்கு உன்மேல் கோபமாகவும் இருந்தது, இதையெல்லாம் பார்க்காமல் போய்விட்டாயே என்று.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாப் பக்கமும் ஒரே அளவாய் இழுபட்டால் மாமி?" என்றாள்.

"அப்ப எந்தத் திசையும் திரும்பாது. எல்லாத் திசையும் ஐகன் காவிதான்."

"அதுக்கு ரெண்டு பேர் காணாது" என்று சிரித்தாள். "அப்பா, ஓடி வாங்கோ!" என்று கூப்பிட்டாள். அண்ணை ஒன்றும் விளங்காமல் வந்து ஒரு கரையைப் பிடித்தார். அதற்குள் மழை கொட்டிவிட்டது. உன் சேலை முழுக்க நனைந்துபோனது, மச்சாள். திவசத்துக்கு முதல் திரும்பவும் கஞ்சி போடவேண்டும்.

நேற்று ஆரணி எனக்கு ஒரு படம் அனுப்பினாள். ஒரு புதுக் கணக்கு, கீழே விடை, அதற்குக் கீழே தாயத்தால் பெருக்கிப் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் சரி அடையாளமும் அவளே போட்டிருக்கிறாள். "மாமி, நீங்கள் பாக்கத் தேவையில்லை. சும்மா அனுப்பினன்" என்று எழுதியிருந்தாள்.

நீ இருந்திருந்தால் இதற்கு என்ன பதில் அனுப்பியிருப்பாய்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் எத்தனை படம் அனுப்பினாலும் "சரி" என்று ஒருநாளும் எழுதமாட்டேன். "பெருக்கிப் பார்" என்றுதான் எழுதுவேன். ஆனால் அனுப்புகிற ஒவ்வொன்றையும் உன்னைப்போலவே கடைசி எண் வரைக்கும் பார்ப்பேன். அது அவளுக்குத் தெரியவேண்டாம்.

இந்த முனையை விடாமல் பிடித்திருக்கும்
உன்ரை மச்சாள்
கௌரி