பலகையில் என் பெயர்

29 மே 1922, திங்கள்

மழை. எங்கள் தேக்காத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஆபீசுக்குப் போனேன். வரும் சனிக்கிழமை அரசர் பிறந்தநாள், அடுத்த திங்கள் வங்கி விடுமுறை. சேர்ந்தாற்போல மூன்று நாள் ஓய்வு.

எஸ்பிளனேட் கடற்கரைத் திடலில் போர் நினைவுக்கல் திறந்ததிலிருந்து எங்கள் கப்பல் கம்பெனிக்கும் ஆசை வந்துவிட்டது. சண்டைக்குப் போய் இறந்த எங்கள் ஆட்கள் ஒன்பது பேருக்கு ஆபீஸ் கூடத்தில் பெயர் எழுதிய மரப்பலகை. சனிக்கிழமை திறப்பு. ஒன்பதில் ஒருவன் என் மகன் ஜெயரத்தினம். மெசப்பொத்தேமியாவுக்குப் படையோடு போனவன். அமாராவில், இருபத்திரண்டு வயதில் — போதும்.

கடைக்குட்டி மனோரஞ்சிதத்தின் புதுப் பள்ளிக்கான படிவம் மேசையில் கிடக்கிறது. ஆறாம் தேதி கொடுக்க வேண்டும். இன்றும் நிரப்பவில்லை.

30 மே

பலகை ஆங்கிலத்தில் வரும்; பூரணத்துக்கு அந்த எழுத்து தெரியாது. மகளைப் பக்கத்தில் இருத்திச் சிலேட்டில் அண்ணன் பெயரை எழுதிப் பழகுகிறாள். “என்ர பிள்ளையின்ர பேரை நானே வாசிக்கோணும்” என்றாள். என் மனைவி பிடிவாதக்காரி. மாலைக்குள் பாதிப் பெயர் வந்துவிட்டது.

31 மே

பலகை எழுதும் அஹமது கபீர் சாப்பாட்டு நேரத்தில் தேடி வந்தார். “ஐயா, தப்பா நினைக்காதீங்க. செத்தவங்க லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு.”

அவர் கடைக்குப் போய்ப் பார்த்தேன். ‘ஜே. விஸ்வலிங்கம்’. முதலில் சிரிப்புத்தான் வந்தது. உயிரோடு இருக்கும்போதே பலகையில் ஏறிவிட்டேனே. பிறகுதான் அந்த ‘ஜே’ உறைத்தது: அது ஜெயரத்தினம். அப்படி எழுதிக் கொடுத்தவன் யார்? நான்.

1916இல் அவன் படையில் சேர்ந்த படிவம். ‘குடும்பப் பெயர்’ என்று வெள்ளைக்காரன் ஒரு கட்டம் போட்டிருந்தான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயருக்கு ஒரு எழுத்து, பிறகு பிள்ளையின் பெயர், அவ்வளவுதான். நானோ, ஆபீஸ் ஞானம் முற்றி, அந்தக் கட்டத்தில் என் பெயரை முழுதாகக் கொட்டை எழுத்தில் எழுதி, பிள்ளைக்கு ஒரு ‘ஜே’ மட்டும் விட்டேன். பெருமையாகக்கூட இருந்தது. “இதில நான் எங்கை, அப்பா?” என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

1 ஜூன்

பெயரை மாற்றலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். பட்டாளப் பட்டியலில் உள்ளபடிதான் பலகையும் இருக்க வேண்டுமாம். என் பெயர் அதில் இருப்பது எனக்குக் கௌரவம்தானே என்றார். “தாங்க்யூ சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபத்தாறு வருஷமாக இதே தாங்க்யூ சார். வெட்கமாக இருக்கிறது.

2 ஜூன்

பூரணத்திடம் சொல்லிவிட்டேன். அவள் சத்தம் போடவில்லை. “பிள்ளையை ஒரு எழுத்தாக்கிப்போட்டு உங்கட பேரை முழுசா எழுதினனீங்களோ?” என்று மட்டும் கேட்டாள். சிலேட்டில் பெயர் முழுதாக இருந்தது. அழிக்கவில்லை, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

பிழை. நான் செய்த பிழைதான்.

3 ஜூன், சனி

மேனேஜர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் மௌனம். “ஜே. விஸ்வலிங்கம்” என்றதும் நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலையைக் குனிந்தேன்.

“ஜெயரத்தினம்.”

சொன்னது பூரணம். சபையில் ஒருநாளும் வாய் திறக்காதவள். உரக்கக்கூடச் சொல்லவில்லை. மேனேஜர் அவளையே பார்த்தார். பிறகு தன் நாக்குக்கு வந்தபடி அந்தப் பெயரைத் தானும் ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசல் வரை போன ஒருவர் ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். தங்கராஜுவாம், அமாராவில் மகனோடு படையில் இருந்தவராம். “நீங்க ஜெயரத்தினத்தோட அம்மாவா? நான் காய்ச்சல்ல கிடந்தப்ப தன் பங்குத் தண்ணியையும் எனக்குக் குடுத்தாரும்மா. எங்க எல்லாருக்கும் கடுதாசி எழுதினதும் அவருதான். பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், அவர் பேரு இல்லைன்னாங்க. சரின்னு கிளம்பிட்டேன். நல்லவேளை, நீங்க பேரைச் சொன்னீங்க.”

அஞ்சு வருஷமாக நன்றி சொல்ல ஆள் தேடியிருக்கிறார். பூரணம் அவர் கையை விடவேயில்லை.

4 ஜூன்

தங்கராஜு சாப்பிட வந்தார். மீன்குழம்பு, சொதி. எங்கள் ஜெயம் படைக் கூடாரத்தில் பாடுவானாம். எனக்கு இது தெரியாது.

5 ஜூன்

அவரையும் கூட்டிக்கொண்டு எஸ்பிளனேட் போனோம். விடுமுறைக் கூட்டம். கல்லடியில் பூ வைத்துவிட்டு அங்கே வெட்டியிருந்த பெயர்களை மனோரஞ்சிதம் வாசிக்க, நாங்கள் நின்று கேட்டோம். யார் யாரோ பெற்ற பிள்ளைகள். வீட்டில் அவர்களை என்னவென்று கூப்பிட்டார்களோ? எல்லோருக்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

6 ஜூன், செவ்வாய்

ஆபீசுக்குக் கிளம்புமுன் படிவத்தை நிரப்பினேன். இதிலும் அந்தக் ‘குடும்பப் பெயர்’ கட்டம் இருந்தது. குறுக்கே கோடு போட்டேன். பெயர் என்ற இடத்தில் மனோரஞ்சிதம் என்று ஒரு எழுத்து விடாமல் ஆங்கிலத்தில் எழுதி, முன்னால் எனக்காக ஒரு ‘வி’ மட்டும் போட்டேன்.

பூரணம் படிவத்தை வாங்கி, விரல் வைத்து, எழுத்து எழுத்தாகக் கடைசிவரை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தாள்.