வாயில் வராத பெயர்

ஆனி 9, வியாழன்
சோளகக் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் புழுதி. பிள்ளைக்கு இரண்டு நாளாய் வயிறு சரியில்லை. ஓமத்தண்ணி.

கட்சிக் கிளைச் செயலாளர் கனகு அண்ணை மறுபடியும் வந்தார். கையில் ஒரு சீப்புக் கதலிப்பழம். கிராமசபைத் தேர்தலன்று பெண்களின் வாக்குச்சாவடியில் கட்சி ஏஜென்டாய் நான் இருக்கவேணுமாம். ஊரில் படித்த பெண்கள் எத்தனை பேர். ஏன் நான்? கண்டியில் உத்தியோகம் பார்க்கும் இவரை யாழ்ப்பாணத்துக்கு மாற்றக் கேட்டு நான் கனகு அண்ணையிடம் எழுதிக் கொடுத்த மனு எம்.பி. கைக்குப் போய்விட்டதாம். கேட்காமலே சொன்னார். அதுதான் பிடிக்கவில்லை.

மாமி, அவர் போன பிறகு: "உவன் சும்மா பழம் கொண்டுவாற ஆளில்லை, பிள்ளை."

ஆனி 12, ஞாயிறு
ஓம் என்றுவிட்டேன். இவர் பிள்ளையைப் பார்த்தது இரண்டே தரம்.

வாக்காளர் பட்டியல் தந்தார்கள். வாசல் படலையடியில் கனகு அண்ணை யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. "நெல்லியடிப் பிள்ளை. கலியாணம் முடிச்சு வந்து ஒண்டரை வருசம்தான். இஞ்சை ஒருத்தற்றை முகமும் தெரியாது."

முகம் தெரியாதது எதற்கு நல்லது?

ஆனி 18, சனி
வாக்கெடுப்பு. பால் கட்டி நெஞ்சு வலி.

அதிகாரி ஒவ்வொருத்தியிடமும் புருஷன் பெயர் கேட்டார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஒரு கிழவி, "உந்தப் பேப்பரிலை கிடக்குத்தானே, தம்பி. வாசியுங்கோவன்." எல்லோரும் சிரித்தோம்.

பத்து மணிக்கு இராசமலர் என்று ஒருத்தி. புருஷன்? "கந்தையா." பட்டென்று. வாக்குப் போட்டாள், போனாள். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு படித்தும் இவருடைய பெயர் என் வாயிலேயே வராது. பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு இன்னொரு இராசமலர். பிள்ளைப்பேற்றுக்கு இணுவிலில் தாய்வீட்டுக்குப் போனவள், கைக்குழந்தையோடு பஸ்ஸில் வந்திருக்கிறாள். உன் வாக்குப் போட்டாயிற்று என்றார் அதிகாரி. புருஷன் பெயர்? தலை குனிந்தாள். கண் நிறைந்துவிட்டது. சொந்தப் புருஷன் பேர் தெரியாத பெண்சாதியோ என்று எதிர்க்கட்சி ஏஜென்ட் நக்கல். வாசலில் கனகு அண்ணை, என்னையே பார்த்தபடி. முகம் தெரியாதது இதற்குத்தான்.

"இவதான் இராசமலர்," என்றேன். "காலமை வந்தவ பேரைச் சொன்னவ. இவவாலை சொல்ல ஏலாமல் கிடக்கு. அதுதான் அடையாளம்."

அதிகாரி அவள் வாக்குப் போட வேறு தாள் ஒன்று கொடுத்தார். திரும்பிப் பார்த்தேன். வாசலில் கனகு அண்ணை இல்லை.

ஆனி 20, திங்கள்
தோற்றுப்போனோம். பிள்ளைக்குச் சுகம்.

கனகு அண்ணை வந்தார். படலைக்கு உள்ளே வரவில்லை. "படிச்ச பிள்ளையெண்டு நம்பினன், தங்கச்சி." மாமி கையில் ஒரு கடித உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். என் மனு. நான் மடித்த மடிப்புக் குலையவில்லை. ஒருவரிடமும் போகவில்லை.

மாமி தேத்தண்ணி ஊற்றித் தந்தா.

நாளைக்கு நானே மனுவை யாழ்ப்பாணம் அரசாங்கக் கந்தோருக்குக் கொண்டுபோகவேணும். அங்கே முதலில் கேட்கப்போவது இவருடைய பெயர். அறையைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். நாலாம் தரம்தான் சத்தம் வந்தது.