ரெண்டும் பச்சைதான்

சிஞ்ச்வட்

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், பயப்படாதீர்கள்.

நாளை நம் பழைய லாரி சரக்கோடு சாத்தாரா மலையேற வேண்டும். ரேடியேட்டரில் இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் குறைந்திருந்ததால் அப்பா காலையில் புது டப்பாவைத் திறந்தார்.

"புது இன்ஜினுக்கு மட்டும், வேற எதோடயும் கலக்கக்கூடாதுன்னு போட்டிருக்குப்பா."

"ரெண்டும் பச்சைதானட்டி? பெரிய மெக்கானிக்கு!"

"பாட்டில்ல கொஞ்சம் கலந்து பாப்போம்பா."

சிரித்துக்கொண்டே கலந்து வெயிலில் வைத்தார். பள்ளி விட்டு வந்து பார்த்தால் கூழாகத் திரண்டிருந்தது. மலையில் ரேடியேட்டர் அடைத்திருந்தால்? அப்பா உடனே கடைக்கு ஓடிப் பழைய இன்ஜினுக்கானதை வாங்கி வந்தார். இருந்ததை வடித்து, கழுவி, ஊற்றினோம். இன்ஜின் சூடேறும்வரை இருவரும் சூடு காட்டும் முள்ளையே பார்த்தோம். சூடு மீறாமல் நடுவிலேயே நின்றது.

பின்னல் எனக்குக் கோணலாகவே வருகிறது. கிளிப் அனுப்புங்கள். அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.

எஸ்தர்