வேர்க்கும் சுவர்

ஏற்காடு, 18.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

போன்ல பேச ஆரம்பிச்சா மீட்டிங்னு வெச்சிடறீங்க, அதான் மெயில்ல எழுதுறேன். நீங்க சொன்னபடியே ஓட்டுக்குக் கீழ இருந்த காத்துத் துவாரமெல்லாம் அடைச்சாச்சு. சன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி. பின்லாந்துல நீங்க கட்டுன பல்கலைக்கழக நூலகம் மாதிரியே ஊடு கதகதன்னு இருக்குது, பொய் சொல்லலீங்க. ஆனா பனிமூட்டம் எறங்குனதுலருந்து சுவரு வேர்க்குது. தொட்டிலுக்குப் பின்னால கறுப்பா பூசணம். உங்க மக நந்தினிக்கு நெஞ்சு நொம்ப இழுக்குது. "காத்து வரட்டும்மா"ங்கறாரு டாக்டர். ரெண்டு துவாரமாவது திறக்கட்டுங்களா?

உங்கள்
காவேரி

பின்லாந்து, 21.11.2024

அன்பு காவேரி,

கண்ணு நந்தினிக்கு என் முத்தம். இங்கே வெளியே உறைபனி. நூலகத்துக்குள் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு படிக்கிறார்கள். எல்லாம் இந்த அடைப்பின் புண்ணியம். நம் வீடும் என் ஆராய்ச்சியில் ஒரு பகுதி என்பதை மறந்துவிடாதே. சுவரில் மாட்டிய கருவி காட்டும் ஈரம், வெப்ப அளவை இங்கிருந்தே பார்க்கிறேன். ஒரு நாள் திறந்தாலும் கணக்கு கெட்டுவிடும். வேர்ப்பது சுவரின் குற்றமல்ல. உங்கள் மூச்சு, உலை, உள்ளே காயப்போடும் துணி, ஈரம் அதிலிருந்துதான் வருகிறது. பார்த்து நடந்துகொள். பிப்ரவரியில் நான் வரும் வரை பொறு.

பிரபாகர்

ஏற்காடு, 2.12.2024

மாமா,

இந்தப் பனிமூட்டத்துல பாப்பா துணி வெளியில காயுமா? ஏற்காட்டுலதானே பொறந்தீங்க? உங்க கட்டுரையை நானும் படிச்சேன். கெட்ட காத்தைத் தள்ளி, புதுக் காத்தைச் சூடாக்கி உள்ளே அனுப்ப நூலகத்துல ராப்பகலா மெஷின் ஓடுதாம். இங்க எங்கீங்க மெஷின்? உலையை வேணா அணைச்சுடறேன். மூச்சை என்னங்க பண்ண?

முந்தாநாள் குழந்தைக்கு உதடு நீலம் பூத்துருச்சு. பக்கத்து எஸ்டேட் ஜோஸ்லின் அக்கா ஜீப்பை எடுத்துட்டு வரலைன்னா... 'திற'ன்னு ஒரு வார்த்தை எழுதுங்க. போதும்.

காவேரி

பின்லாந்து, 14.12.2024

அன்பு காவேரி,

வேலை மும்முரம், பதில் தாமதம். ஆனால் நல்ல செய்தி! ஒரு வாரமாக வீட்டில் ஈரம் இறங்கிக்கொண்டே வருகிறது. நான் சொன்னேன் அல்லவா? கவனமாக இருந்தால் நம் மலைக்கும் இந்த முறை ஒத்துவரும். நேற்றுக் கூட்டத்தில் அந்த அளவுகளைக் காட்டினேன், கைதட்டினார்கள். நந்தினிக்கும் இப்போது இழுப்பு சரியாகியிருக்குமே?

பிரபாகர்

சேலம், 15.12.2024

பிரபாகருக்கு,

நானும் நந்தினியும் மலையை விட்டு எறங்கி ஒரு வாரத்துக்கு மேலாச்சு. எங்கம்மா ஊட்டுல இழுப்பில்லாம தூங்கறா. நீங்க 'திற'ன்னு எழுதலை. நானும் ஒரு துவாரத்தையும் திறக்கலை, கருவியைத் தொடலை. பூட்டிச் சாவியை ஜோஸ்லின் அக்காகிட்டக் குடுத்திருக்கேன். பிப்ரவரியில வந்தா வாங்கிக்குங்க. இங்க வரவேண்டாம்.

ஈரம் எப்படிக் குறைஞ்சுதுன்னு அடுத்த கூட்டத்துல யாராச்சும் கேட்டா, மறைக்காம சொல்லுங்க: அந்த ஊட்டுல மூச்சு விட இப்ப ஆளில்லை.

காவேரி