மூடி தானாக எழும்புகிறது

கிழக்கேகோட்டை, ஆவணி 12

அன்புள்ள அப்பாவுக்கு உலகம்மை நமஸ்காரம். மலையில் உங்களுக்குக் குளிர்காய்ச்சல் விட்டுவிட்டதா? நான் சௌக்கியம். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தேன்.

அத்தை என் காகிதங்களைப் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பாள். அதனால் இதை எல்லாரும் தூங்கியபின் எழுதுகிறேன். நாளை என் சிநேகிதி லீலாபாய் தபாலில் போடுவாள்.

நீங்கள் அனுப்பிய காப்பிக்கொட்டையை அத்தை வெள்ளிக்கிழமை வறுத்தாள். வாசனை போகாமலிருக்க, சூடு ஆறியதுமே தகர டப்பாவில் நிரப்பி மூடியை அழுத்தி அடைத்தாள். அது மாமாவின் செத்துப்போன மூத்த சம்சாரத்தின் டப்பா. விடிந்து பார்த்தால் மூடி கிளம்பியிருந்தது. மறுநாளும் அப்படியே.

"கொட்டை திங்குத எலிக்குப் படிப்பு ஒரு கேடா? இன்னொரு தடவை திறந்தா பள்ளிக்கூடம் போதும், அப்பன்கிட்டயே போயிரு" என்றாள் அத்தை.

நான் தொடவே இல்லை, அப்பா. இன்று அடுக்களை வாசலில் ஒளிந்திருந்து பார்த்தேன். டப்பா பக்கத்தில் யாருமில்லை. 'டப்' என்று மூடி தானாக எழும்பியது. காப்பி மணம் என் முகத்துக்கு நேரே வந்தது. மூத்தவளுக்குக் காப்பி என்றால் உயிராம்.

உங்கள் பழைய கம்பளியை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

அத்தை இருமுகிறாள், விளக்கை அணைக்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் எஸ்டேட் ஸ்டோரில் புதிதாய் வறுத்த கொட்டையும் மூடியைத் தள்ளுமா? தள்ளும் என்றால் அத்தைக்கு உடனே எழுதுங்கள். தள்ளாது என்றால் எழுத வேண்டாம், நீங்களே வந்துவிடுங்கள்.

உலகம்மை